காட்டு லூபினைக் காப்பாற்ற ஏன் தீ வைக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி நகருக்கு அருகில் குடியிருப்பதாக எழுதியிருக்கிறார். நடைப்பயிற்சிக்குச் செல்லும் ஆல்பனி பைன் புஷ் காப்பகத்தில், திட்டமிட்டுத் தீ வைக்கப்போவதாக ஓர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். ஏன் என்று விசாரித்தபோது, காட்டு லூபின் என்ற நீலப் பூச்செடியைக் காப்பதற்காக என்று சொல்லியிருக்கிறார்கள். "அரிய செடி வளரும் இடத்தைக் கொளுத்துவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? வேலி போட்டுவிட்டு, கடையில் விற்கிற லூபின் விதையை வாங்கித் தூவினால் போதாதா?" என்பது அவருடைய கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது தீயைப் பற்றிய கேள்வி. உண்மையில் அவர் கேட்டிருப்பது, இந்தச் செடியை எது அழிக்கிறது என்பதைத்தான். அதற்கு விடை தெரிந்துவிட்டால், தீ, வேலி, விதை ஆகிய மூன்றைப் பற்றியும் அவரே முடிவுக்கு வந்துவிடலாம்.

நான் தாவரச் சூழலியல் படித்தவன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, சீரழிந்த மணற்பாங்கான புல்வெளிகளை மீட்டெடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆல்பனி காப்பகத்துக்குப் பார்வையாளனாகப் போயிருக்கிறேனே தவிர, அங்கு வேலை செய்ததில்லை. ஆகவே அங்கே குறிப்பிட்ட ஒரு துண்டு நிலத்தை இந்த ஆண்டு எரிப்பது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. இந்தச் செடி எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

லூபினஸ் பெரென்னிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். அவரையும் துவரையும் சேர்ந்த பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாத பலபருவச் செடி. விரித்த உள்ளங்கை போல ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் ஏழு முதல் பதினோரு சிற்றிலைகள், மே, ஜூன் மாதங்களில் நிமிர்ந்து நிற்கும் நீலப் பூங்கொத்து, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் ஆணிவேர் ஆகியவை இதன் அடையாளங்கள். பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணல் படுகைகளில்தான் இது பெரும்பாலும் வளர்கிறது. ஆல்பனியின் மணல்மேடுகளும் பழைய பனிப்பாறை ஏரி ஒன்றின் மணலைக் காற்று வாரிக் குவித்ததால் உண்டானவையே. அந்த மணலில் மழைநீர் தங்காது, சத்தும் தங்காது. மற்றச் செடிகள் தடுமாறும் அந்த இடத்தில் லூபினுக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஆணிவேர் ஆழத்து ஈரத்தை எட்டுகிறது. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கிறது. லூபின் என்ற பெயர் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இது மண்ணின் வளத்தை ஓநாய் போல விழுங்குகிறது என்று பழங்காலத்தில் நம்பினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். வளமற்ற மண்ணில் இது செழித்து நிற்பதைப் பார்த்து, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தச் செடியைப் பறித்துப் போகிறவர்களாலோ மிதிக்கிறவர்களாலோ அது அழிந்துகொண்டிருக்கவில்லை. வீடுகளும் சாலைகளும் கடைவளாகங்களும் மணல் நிலத்தை விழுங்கியது முதல் காரணம். ஆல்பனி பைன் புஷ் ஒரு காலத்தில் ஏறத்தாழ 40 சதுர மைல் பரப்பில் இருந்தது. இன்று காப்பகமாக எஞ்சியிருப்பது 3,000 ஏக்கரைச் சற்றுத் தாண்டும். இது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இழப்பு. இரண்டாவது காரணம், அந்த மீதி நிலத்திலும் சத்தமில்லாமல் நடப்பது. தீ நின்றுபோனதால் புதர் ஓக் மரங்கள் நெருங்கிவிடுகின்றன. அவற்றின் அடியில் சருகு சேர்கிறது. நிழல் மூடுகிறது. வளர்ந்த லூபின் உடனே சாவதில்லை. இலை விடும், ஆனால் பூக்காது. சில ஆண்டுகள் அப்படியே இழுத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வசந்தத்தில் வராமல் போய்விடும். புதிய கன்றோ தடிமனான சருகின் மேல் வேர் பிடிக்க முடியாமல் முளையிலேயே காய்ந்துவிடும். செடிகளை எண்ணிப் பார்ப்பவர் "இந்த ஆண்டும் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளே இல்லை, எல்லாம் கிழங்கள் என்பது அவருடைய கணக்கில் வராது.

வேலியைப் பற்றிய என் கருத்து இந்த வேலையில் சேர்ந்த புதிதில் உருவானது. அரிய செடிகளுக்காக ஆர்வலர்கள் சிலர் வேலி கட்டி, உள்ளே யாரும் கால் வைக்காமல் பல ஆண்டுகள் பாதுகாத்த ஒரு மணல் நிலத்துக்குக் கணக்கெடுக்க அனுப்பப்பட்டேன். உள்ளே புல் இடுப்பு வரை வளர்ந்து சாய்ந்து, மெத்தை போலக் கிடந்தது. கையால் விலக்கினால் அடியில் வெளிறிய லூபின் இலைகள் ஆங்காங்கே தெரிந்தன. பூ ஒன்றுகூட இல்லை. வேலிக்கு வெளியே, பராமரிப்பு வண்டி போய்வரும் தடத்தின் இரு ஓரமும், சக்கரம் கிளறிவிட்ட வெறும் மணலில் அந்தச் செடி வரிசை கட்டிப் பூத்திருந்தது. அது தற்செயலான காட்சி அல்ல என்பது பிறகு பல இடங்களில் தெரியவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் மின்கம்பித் தடங்களிலும் சாலையோரங்களிலும் இந்தச் செடி இருக்கிறது. ஃபோர்ட் மெக்காய் என்ற இராணுவப் பயிற்சி நிலத்தில், கனரக வாகனங்கள் மண்ணைக் கிளறிப்போடும் இடங்களிலும் அது நன்றாகவே வாழ்கிறது. மான்கள் பூவையும் இளங்காயையும் மேய்ந்துவிடும் இடத்தில் சில பருவங்களுக்கு வேலி உதவும் என்பதை மறுக்கவில்லை. அதுவே பாதுகாப்பு என்று நினைத்து ஒதுங்கிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இப்போது தீக்கு வருவோம். பைன் புஷ் போன்ற நிலங்கள் தீயோடு பழகியவை. பழங்குடி மக்கள் வைத்த தீ, மின்னல், பின்னாளில் ரயில் எஞ்சின்களின் தீப்பொறி என்று ஏதோ ஒன்று அவற்றைத் திரும்பத் திரும்பத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் காட்டுத்தீயை உடனுக்குடன் அணைக்கும் வழக்கம் உறுதிப்பட்டபோது அந்தச் சுழற்சி நின்றது. திட்டமிட்ட எரிப்பு என்பது அந்தச் சுழற்சியைச் சிறிய அளவில், கட்டுப்பாட்டோடு மீண்டும் கொண்டுவருவது. காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், சருகின் ஈரம், புகை எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் முன்கூட்டி எழுதிய வரம்புக்குள் இருந்தால்தான் தீ வைப்பார்கள். நெடுஞ்சாலைகளுக்கு நடுவில் இருக்கும் ஆல்பனியில் இது இன்னும் கண்டிப்பாக இருக்கும். அறிவிப்புப் போட்ட பிறகும் பல நாட்கள் எரிப்பு நடக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

செடிக்கு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. உலர்ந்த புல்லும் சருகும் எரியும் தீ வேகமாகக் கடந்துவிடும். மணல் வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. மேற்பரப்பில் கரி படிந்திருக்கும்போதே, சில விரற்கடை ஆழத்தில் மண் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும். லூபினின் வேரும் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளும் மண்ணுக்குள் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. எரிந்த ஒரு துண்டு நிலத்தில் மூன்றாவது வாரம் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறேன். கறுத்த மணலைக் கீறிக்கொண்டு, மடித்த குடை போன்ற சாம்பல் பச்சைத் தளிர்கள் எழுந்திருந்தன. ஒவ்வொரு சிற்றிலையின் ஓரத்திலும் மென்மயிர், இலையின் நடுக்குழியில் ஒரு துளி நீர். சருகு போனதால் வெறும் மணல் கிடைக்கிறது, கறுத்த மண் சீக்கிரம் சூடாகிறது, மேலே வெளிச்சம் திறக்கிறது. கன்றுகள் பிழைப்பதற்குத் தேவையானவை இவைதான்.

ஆனால் நிலம் முழுவதையும் ஒரே நாளில் எரிக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் இந்தச் செடியை நம்பி வாழும் கார்னர் நீலம் என்ற சிறிய வண்ணத்துப்பூச்சி. ஆல்பனிக்கு அருகிலுள்ள கார்னர் என்ற சிற்றூரின் பெயர் அதற்கு வந்தது. பெயரிட்டு விவரித்தவர் எழுத்தாளரும் பூச்சியியலாளருமான விளாதிமிர் நபக்கோவ். இதன் புழு காட்டு லூபின் இலையைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. 1992இல் அமெரிக்காவின் கூட்டாட்சி அரசு இதை அருகிவரும் இனமாக அறிவித்தது. அந்தச் சட்டப் பட்டியலில் இருப்பது பூச்சிதான், செடி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். செடிக்குச் சில மாநிலங்களின் பட்டியல்களில் மட்டுமே இடம் உண்டு. ஆனாலும் லூபினுக்கு இன்று கிடைக்கும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் அந்தப் பூச்சியின் வழியாக வருபவையே. இந்தப் பூச்சி ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும். கோடையில் இட்ட முட்டை பனிக்காலம் முழுவதும் தரையோரத்திலேயே கிடந்து ஏப்ரலில் பொரிக்கும். தீ அந்த முட்டைகளைக் கொன்றுவிடும். எனவே நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒரு பகுதியை எரித்து, பக்கத்தில் எரியாத பகுதியை விட்டுவைத்து, பூச்சிகள் அங்கிருந்து திரும்பி வர இடம் கொடுக்கிறார்கள். ஆல்பனியில் புதர் வெட்டு, எரிப்பு, விதைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து பல ஆண்டுகள் நடந்த பிறகு, சில நூறாகச் சுருங்கியிருந்த பூச்சிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. தீ மட்டும் அதைச் செய்ததா என்றால், இல்லை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பங்கு சொல்வது எளிதல்ல.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிக்க வேண்டும் என்பதற்கு எல்லா நிலத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. அடிக்கடி எரித்தால் பூச்சிகள் மீள நேரம் இருக்காது. அரிதாக எரித்தால் புதர் வென்றுவிடும். எரிப்பதற்குப் பதிலாக இயந்திரத்தால் வெட்டினால் போதாதா என்பதும் நெடுநாள் வாதம். வெட்டினால் வெளிச்சம் வரும். ஆனால் வெட்டியதை அப்படியே விட்டுவிட்டால் சருகு இன்னும் கூடும். வாரி வெளியே கொண்டுபோனால்தான் பலன். என் அனுபவத்தில், வீடுகள் நெருங்கிய இடத்தில் வெட்டி வாருவதும் ஆங்காங்கே மேல்மண்ணைச் சுரண்டி மணலைத் திறந்துவிடுவதும் ஓரளவுக்குத் தீயின் வேலையைச் செய்கின்றன. முழுமையாகச் செய்கின்றன என்று சொல்ல மாட்டேன். நிழலைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. முழு வெயில்தான் எப்போதும் நல்லது என்பது சரியல்ல. திறந்த வெளியில் லூபின் அதிகம் பூத்தாலும், வறண்ட ஆண்டில் அங்கே சீக்கிரம் வாடிவிடும். மரத்தின் அரைநிழலில் நிற்பவை பூக்குறைவாக இருந்தாலும் இலை பச்சையாக நீண்ட நாள் நிற்கும். அங்கங்கே வெயில், அங்கங்கே அரைநிழல் என்று கலந்திருக்கும் நிலமே செடிக்கும் பூச்சிக்கும் பாதுகாப்பானது.

விதைக் கேள்விக்கு நேரடியான பதில்: கடையில் கிடைக்கும் "லூபின்" விதையைத் தயவுசெய்து தூவாதீர்கள். தோட்டங்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் லூபினஸ் பாலிஃபில்லஸ் என்ற வேறு இனம், அல்லது அதிலிருந்து உருவாக்கிய கலப்பின வகைகள். அது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது. கிழக்கில் தப்பித்துப் பரவிவிட்டது. மெய்ன் மாநிலத்தின் சாலையோரங்களில் ஜூன் மாதம் பயணிகள் நிறுத்திப் படம் எடுக்கும் லூபின் வயல்கள் அனைத்தும் அந்த வந்தேறி இனமே. அந்த மாநிலத்துக்கு உரிய காட்டு லூபின் அங்கே இயற்கையில் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்படுகிறது. நெருங்கிய இனங்கள் என்பதால் இரண்டும் கலந்து கலப்பினம் உண்டாகும் வாய்ப்பும் இருக்கிறது. வேறுபாடு காண்பது கடினமல்ல. பதினொன்றுக்கு மேல், பதினேழு வரை சிற்றிலைகள், கூர்மையான நுனி, இடுப்பளவு உயரம், இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த பூக்கள் என்றால் அது தோட்டத்து லூபின். சிற்றிலைகள் ஏழு முதல் பதினொன்று, நுனி மழுங்கல், பூ அநேகமாக நீலம் மட்டும் என்றால் காட்டு லூபின். உறுதிக்கு, பூவை மட்டும் பார்க்காமல் இலையையும் எண்ணிப் பாருங்கள்.

சரியான இனத்தின் விதையே கிடைத்தாலும், எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். தொலைவிலுள்ள வேறு காலநிலையிலிருந்து வந்த விதை முளைக்கலாம், ஆனால் உள்ளூர்ப் பருவத்தோடு ஒத்துப்போகாமல் முன்னதாகவோ பிந்தியோ பூக்கலாம். அருகிலேயே, அனுமதியுடன், ஒரே செடியிலிருந்து எல்லாவற்றையும் உருவிவிடாமல் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரித்த விதையே நல்லது. லூபின் தன் மகரந்தத்தாலேயே காய்க்க முடியும். எனினும் அயல் மகரந்தம் கிடைத்தால் காய்ப்பும் கன்றின் வலிமையும் கூடுகின்றன. பத்துப் பதினைந்து செடிகளாகச் சுருங்கிப்போன கூட்டங்கள் வெளிச்சம் கிடைத்த பிறகும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

விதையின் குணமும் சிரமமானது. மயிர் அடர்ந்த நெற்று கோடையில் கறுத்து, வெயில் ஏறும் வேளையில் பட்டென்று முறுக்கி வெடிக்கும். புல்வெளியில் அமைதியாக உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கும். விதை சில அடிகள், மிஞ்சினால் சில மீட்டர்கள் தள்ளி விழும். காற்றில் பறக்காது, பறவை தூக்கிக்கொண்டு போகும் பழமும் அல்ல. ஆகவே நடுவில் ஒரு சாலையோ அடர்ந்த தோப்போ வந்துவிட்டால் அடுத்த மணல்மேட்டுக்குத் தானாகப் போக வழியில்லை. விதையுறையும் கல் போன்றது. ஒரு முறை சில விதைகளை உப்புத்தாளில் மெல்ல உரசியும், சிலவற்றை உரசாமலும் ஈரத் தாளில் வைத்துப் பார்த்தேன். உரசியவை மறுநாளே நீர் குடித்துப் பருத்தன. உரசாதவற்றில் பெரும்பாலானவை வாரக்கணக்கில் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தன. இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் விதைத்தால், பனியில் உறைந்தும் உருகியும் அந்த வேலையை இயற்கையே ஓரளவு செய்துவிடும். முளைத்த கன்றை இடம் மாற்றி நடுவது பெரும்பாலும் தோல்வியில் முடியும். ஆணிவேர் அறுந்தால் செடி தேறுவதில்லை. முதல் பூவுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

மட்கு உரம் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு அதுதான். தழைச்சத்து இல்லாத மணலில் லூபின் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதுதான் புல்லை விட அதற்கு இருக்கும் பெரிய அனுகூலம். நீங்கள் உரம் போட்டால் அந்த அனுகூலத்தைப் புல்லுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். புல் எழுந்து மூடிவிடும். வாகனப் புகையிலிருந்து மழையோடு இறங்கும் நைட்ரஜன் இதையேதான் மெதுவாகச் செய்கிறது. வந்தேறியான கறுப்பு லோகஸ்ட் மரமும் அப்படித்தான். அதுவும் பயறுக் குடும்பம், அதுவும் தழைச்சத்தைச் சேர்க்கும், ஆனால் மர உயரத்துக்கு வளர்ந்து நிழலையும் சேர்த்துக் கொடுக்கும். ஆல்பனியில் அந்த மரத்தை வேரோடு அகற்றுவதைப் பார்த்தால், மரம் வெட்டுகிறார்களே என்று வருந்த வேண்டாம்.

மிகச் சரியாக நிர்வகித்தாலும் எல்லாம் நம் கையில் இல்லை. இந்தியானா மாநிலத்தின் மணல்மேட்டுப் பகுதியில் 2012இல் வசந்தம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக வந்தது. அதைத் தொடர்ந்து கடும் வறட்சி வந்தது. லூபின் இலைகள் காலத்துக்கு முன்பே காய்ந்தன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கே கார்னர் நீலம் காணாமல் போயிற்று. கனடாவின் ஒன்டாரியோவில் 1991க்குப் பிறகு அந்தப் பூச்சி தென்படவில்லை, ஆனால் லூபின் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. வேர் ஆழமுள்ள செடி ஒரு கெட்ட ஆண்டைத் தாங்கிக்கொள்ளும். அந்த ஒரே ஆண்டு பூச்சியை முடித்துவிடலாம். நியூ ஹாம்ப்ஷயரில் அற்றுப்போன பூச்சியை 2001 முதல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினார்கள். அங்கும் முதலில் நிலத்தைத் திறந்து லூபினை வளர்க்க வேண்டியிருந்தது. வெப்பம் கூடும் காலத்தில் இந்த முயற்சிகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் என்னைப் போன்றவர்களின் கருத்துகள் ஊகத்தைத் தாண்டாதவை.

உங்களால் என்ன செய்ய முடியும் என்பது கடைசிப் பகுதி. எரிப்பு நாளில் ஜன்னலை மூடி வையுங்கள், வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இருந்தால் அன்று வெளியே போக வேண்டாம். காப்பகத்தில் தன்னார்வலர்களுக்கு விதை சேகரிப்பு, களை பிடுங்குதல் போன்ற வேலைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உள்ளே எதையும் நீங்களாகத் தூவவோ பறிக்கவோ வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் மணற்பாங்கான, வெயில் விழும் மூலை இருந்தால், உள்ளூர் வம்சாவளி என்று உறுதியளிக்கும் நாற்றங்காலிடமிருந்து காட்டு லூபின் விதையை வாங்கி, உரம் இல்லாமல், நவம்பரில் நேரடியாக விதைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் எரிந்த ஒரு துண்டு நிலத்தைப் பாதையில் நின்றபடியே மே மாதக் கடைசியில் போய்ப் பாருங்கள். லூபின் இலையில், பச்சை சுரண்டப்பட்டு மெல்லிய தோல் மட்டும் ஜன்னல் கண்ணாடி போல மிஞ்சிய சிறு புள்ளிகள் இருந்தால், இலையைத் திருப்பாமல் பக்கத்திலேயே எறும்புகள் எங்கே கூடியிருக்கின்றன என்று தேடுங்கள். அந்த எறும்புகளுக்கு நடுவில், இலையின் நிறத்திலேயே, நகத்தளவுகூட இல்லாத புழு ஒன்று இருக்கும்.